புள்ளலூர் போர்: கம்பெனி படை தோற்ற காஞ்சிபுரத்து வயல்வெளி இன்று யாருடைய நினைவில் இருக்கிறது?

வீட்டில் பழைய மிக்ஸி மக்கர் செய்தால், "ஹைதர் காலத்து மிக்ஸியை இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்பார்கள். ஓட்டை பஸ், ஒழுகும் பேனா, காலாவதியான சட்டம் எல்லாமே நம் பேச்சில் "ஹைதர் காலத்து" சமாச்சாரங்கள்தான். ஆனால் யார் அந்த ஹைதர், அவர் காலத்தில் தமிழ்நாட்டில் அப்படி என்ன நடந்தது என்று கேட்டால், மைசூரு, திப்பு சுல்தானின் அப்பா என்பதோடு பலருக்கும் பதில் நின்றுவிடும்.

அந்தக் கேள்விக்கான பதிலின் பெரிய பகுதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு முழுப் படைப்பிரிவு ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சிக்கி அழிந்தது. அதுவரை இந்தியாவில் கம்பெனி சந்தித்த மிக மோசமான தோல்வி என்றே அதைப் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

இந்தப் போரை நினைவுபடுத்தும் ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது. தோற்ற தளபதியின் நினைவு மண்டபமும் அங்கேதான். அதே காட்சியின் இன்னொரு ஓவியம் லண்டனில் ஏலம் போனது. சரி, போர் நடந்த ஊரில் என்ன இருக்கிறது? இந்தப் போரின் கதையை யார் யார், எங்கெங்கே, எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்? பார்க்கலாம்.

புள்ளலூர் எங்கே இருக்கிறது?

காஞ்சிபுரத்துக்கு வடகிழக்கே, 15 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிற விவசாய கிராமம் இது. இங்கிருந்து வடக்கே போனால் திருவள்ளூர் மாவட்டத்துப் பேரம்பாக்கம் வரும். அதுவும் இந்தக் கதையில் வருகிற ஊர்தான்.

ஆங்கிலேயர்கள் இந்த ஊர்ப் பெயரைத் தங்கள் காதில் விழுந்தபடி 'பொல்லிலூர்' என்று எழுதி வைத்தார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றில் அதே உச்சரிப்பு நிலைத்துவிட்டது. அதனால் 'பொல்லிலூர் போர்' என்று தேர்வுக்குப் படித்தவர்களுக்கு, அது காஞ்சிபுரத்திலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய புள்ளலூர்தான் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

இத்தனைக்கும் ஊர்ப் பெயர் புதிதல்ல. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவர்களின் காசாக்குடி செப்பேட்டிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கிய எதிரிகளை அழித்தான் என்று அது சொல்கிறது. அதாவது, ஹைதர் வருவதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே இது ஒரு போர்க்களம்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அந்த எதிரி யார் என்று செப்பேடு பெயர் சொல்லவில்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியாகத்தான் இருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்களில் பலர் கருதுகிறார்கள். ஆனால் புலிகேசியின் புகழ் பாடும் 634-ம் ஆண்டு ஐஹொளே கல்வெட்டைப் பார்த்தால் கதை தலைகீழ். பல்லவ மன்னனைக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்தவன் புலிகேசி என்று அது சொல்கிறது. பல்லவரைக் கேட்டால் பல்லவர் ஜெயித்தார், சாளுக்கியரைக் கேட்டால் சாளுக்கியர் ஜெயித்தார். 1780-ல் நடந்த போரின் கதைக்கும் இதேதான் நடந்தது.

போர் ஏன் வந்தது?

முதல் மைசூர்ப் போர் 1769-ல் மதராஸ் ஒப்பந்தத்தோடு முடிந்தது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கியமான ஷரத்து. ஆனால் அதன் பிறகு மராத்தியர்கள் மைசூர் மேல் படையெடுத்தபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. ஹைதர் அலி அதை மறக்கவில்லை.

1778-ல் அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர்கள் பக்கம் பிரான்ஸ் சேர்ந்தது. உடனே இந்தியாவில் இருந்த பிரெஞ்சு இடங்களை எல்லாம் ஆங்கிலேயர்கள் பிடிக்க ஆரம்பித்தார்கள். 1779-ல் மலபார் கரையில் இருந்த மாஹேயையும் பிடித்தார்கள். ஹைதருக்கு ஆயுதங்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது. அது தன் பாதுகாப்பில் இருப்பதாக அவர் முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார்.

1780 ஜூலையில் ஹைதர் மலைக்கணவாய் வழியாக இறங்கினார். அவருடைய படையில் 80,000 பேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆற்காட்டை முற்றுகையிட்டார். அவருடைய குதிரைப்படை பரங்கிப்பேட்டையைச் சூறையாடியது. சென்னையில் பரங்கிமலை வரைக்கும் வந்து போனது.

ஆற்காட்டு நவாப் முகமது அலி அப்போது கம்பெனியின் நண்பர். அந்த நட்புக்கு அவர் கொடுத்த விலை கடன். அந்தக் கடனுக்காகக் கிராமங்களில் வரி கசக்கிப் பிழியப்பட்டது. அதனால் நவாபுக்காகவோ கம்பெனிக்காகவோ உயிரைக் கொடுக்க ஊர்களில் யாரும் தயாராக இல்லை. எந்தப் படை எங்கே போகிறது என்ற தகவல் ஹைதருக்கு உடனுக்குடன் கிடைத்தது. கம்பெனிக்குக் கிடைக்கவில்லை.

மூன்று தாமதங்கள்

கம்பெனியிடம் அப்போது இரண்டு படைகள் இருந்தன. ஒன்று, தலைமைத் தளபதி ஹெக்டர் மன்றோவின் கீழ் ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படை. (சென்னையில் சேணம் இல்லாத குதிரை மேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறு. அவர் அந்த 1780-ல்தான் இளம் வீரராக மதராஸ் வந்து இறங்கியிருந்தார்.) இந்த ஹெக்டர் மன்றோ 1764-ல் பக்சார் போரில் ஜெயித்தவர், பெரிய பெயர். இன்னொன்று, குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி கூட்டி வந்த ஏறத்தாழ 2,800 பேர். இரண்டும் காஞ்சிபுரத்தில் ஒன்று சேர வேண்டும் என்பது திட்டம்.

முதல் தாமதம் ஆற்றங்கரையில். ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். அன்றைக்கே இறங்கிக் கடந்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடாரம் அடித்தார். ராத்திரி ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அக்கரையிலேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஹைதர், திப்புவை ஒரு படையோடு அனுப்பிவிட்டார்.

இரண்டாவது தாமதம் காஞ்சிபுரத்தில். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி சமாளித்தார். ஆனால் அதற்கு மேல் தன்னால் தனியாக வர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றோவுக்குச் செய்தி அனுப்பினார். மன்றோ நகரவில்லை. படைக்கான தானியமெல்லாம் காஞ்சிபுரத்தில் இருந்தது, அதை விட்டு வர முடியாது என்பது அவர் நியாயம். தான் போகாமல் கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரை அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட பிளெட்சர், பாதையை மாற்றிக்கொண்டு செப்டம்பர் 9 அன்று பத்திரமாகப் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவது தாமதம் புள்ளலூருக்குப் பக்கத்தில். 9-ம் தேதி ராத்திரியே படை கிளம்பியது. விடியும் முன் காஞ்சிபுரத்தை நெருங்கியிருக்கலாம். பாதி வழியில் எதிரிகள் சுட ஆரம்பித்ததும், விடியும் வரை நிற்கச் சொன்னார் பெய்லி. அந்தச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஹைதர் தன் பெரும்படையை நகர்த்திவிட்டார்.

செப்டம்பர் 10 அன்று என்ன நடந்தது?

விடிந்ததும் பெய்லி நடக்க ஆரம்பித்தார். முன்னாலும் பக்கவாட்டிலும் பீரங்கிகள் காத்திருந்தன. தூரத்தில் புழுதி தெரிந்தது. மன்றோதான் வருகிறார் என்று படையில் பலர் நினைத்தார்கள். வந்தது ஹைதர்.

கம்பெனி படை ஒரு சதுரமாக வகுத்து நின்று திரும்பத் திரும்ப வந்த குதிரைப்படையைத் தடுத்தது. அப்போது வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு குண்டும் தீர்ந்தது, ஒழுங்கும் குலைந்தது. பிளெட்சர் களத்திலேயே இறந்தார். காயமடைந்த பெய்லி கைக்குட்டையை உயர்த்திச் சரணடைந்தார்.

மன்றோ அன்று காலை கிளம்பினார்தான். ஆனால் வழியில், தப்பி வந்த சிப்பாய்களிடம் சேதியைக் கேட்டதும் திரும்பிவிட்டார். காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தன் கனரக பீரங்கிகளைத் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாக மதராஸுக்குப் பின்வாங்கினார்.

இழப்புக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று கவனியுங்கள். பெய்லியின் படையில் இருந்த ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேர். அதில் 36 பேர் இறந்தார்கள், 34 பேர் காயத்தோடு பிடிபட்டார்கள், 16 பேர் காயமில்லாமல் பிடிபட்டார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக 86 வருகிறது. அதே படையில் 3,000-க்கு மேல் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய கணக்கு எல்லாமே 'ஏறத்தாழ', 'பெரும்பாலோர்' என்ற அளவில்தான் இருக்கிறது. மைசூர் தரப்பில் இறந்த சாதாரண வீரர்களுக்கும் அதே கதிதான்.

அப்போது சென்னை ஏன் தப்பித்தது?

நியாயமான கேள்வி. மதராஸைக் காக்கப் பெரிய படை எதுவும் அப்போது இல்லை. ஆனால் ஹைதர் அங்கே போகாமல் மறுபடியும் ஆற்காட்டு முற்றுகைக்கே திரும்பினார். ஆற்காடு நவம்பரில் அவர் கைக்கு வந்தது. அதே மாதம் வங்காளத்திலிருந்து அயர் கூட் கப்பலில் வந்து மதராஸில் இறங்கினார். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூர் பக்கத்தில் நோயால் இறந்தார். 1784-ல் மங்களூர் ஒப்பந்தத்தோடு, யாருக்கும் பெரிய லாபமில்லாமல் போர் முடிந்தது.

ராக்கெட்தான் ஜெயிக்க வைத்ததா?

சமூக வலைதளங்களில் புள்ளலூர் போர் பெரும்பாலும் ஒரே ஒரு வரியாகத்தான் சுற்றுகிறது: 'திப்புவின் ராக்கெட் வெள்ளைக்காரனின் வெடிமருந்து வண்டியைத் தகர்த்தது'.

மைசூர் ராக்கெட்டுகள் நிஜம். இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டி விடுவார்கள். அட்டையோ மூங்கிலோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் அது நீண்ட தூரம் போனது. 1799-க்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன.

ஆனால் 1780-ல் அந்த வண்டிகளை வெடிக்க வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கம்பெனி தரப்பின் மூன்று தாமதங்கள், ஊர்க்காரர்களின் வெறுப்பு, ஹைதரின் உளவு, குதிரைப்படை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ராக்கெட்டை மட்டும் வைத்துக்கொள்வது, இன்றைக்கு நமக்குப் பிடித்த கதையை அன்றைய போரில் தேடுவதாகத்தான் முடியும்.

அந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்பதும் புரியக்கூடியதே. அப்துல் கலாம் 1960-களில் அமெரிக்காவின் நாசா மையம் ஒன்றுக்குப் போனபோது, வரவேற்பறையில் திப்புவின் படை ராக்கெட் விடும் ஓவியத்தைப் பார்த்ததை 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சொந்த நாட்டில் மறந்துபோன ஒன்றை வேறொரு நாடு சுவரில் மாட்டி வைத்திருக்கிறதே என்பதுதான் அவரைத் தொட்டது.

ஜெயித்தவரின் நினைவு: ஒரு சுவர்

திப்பு 1784-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் அரண்மனையைக் கட்டினார். அதன் மேற்குச் சுவர் முழுக்கப் புள்ளலூர் போரை வரைய வைத்தார். ஹைதரும் திப்புவும் படையோடு வருகிறார்கள். நடுவே ஆங்கிலேயர்களின் சதுரம். அதற்குள் பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார் பெய்லி. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. மைசூர் பக்கம் இருந்த பிரெஞ்சு அதிகாரி லாலி தூரநோக்கியில் பார்க்கிறார்.

இன்று சுற்றுலா போகிறவர்கள் பார்ப்பது திப்பு வரைய வைத்த அதே வண்ணத்தை அல்ல. 1799-ல் திப்பு இறந்த பிறகு அந்த அரண்மனையில் தங்கிய ஆர்தர் வெல்லஸ்லி, மங்கிப்போன ஓவியத்தைப் புதுப்பிக்க வைத்தார். மறுபடியும் 1850-களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த ஓர் இந்திய ஓவியரைக் கொண்டு திரும்ப வரையச் சொன்னார். தங்கள் தோல்வியைக் காட்டுகிற படத்தை ஆங்கிலேயர்களே ஏன் காப்பாற்றினார்கள்? கடைசியில் ஜெயித்துவிட்டவர்களுக்குப் பழைய தோல்வி ஓர் அலங்காரம். எவ்வளவு பெரிய எதிரியை வீழ்த்தியிருக்கிறோம் என்று காட்ட அது உதவியது.

இதே காட்சி ஏறத்தாழ 32 அடி நீளத்துக்குக் காகிதத்திலும் வரையப்பட்டிருக்கிறது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 2022 மார்ச்சில் லண்டனில் சோதபிஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டபோது 6,30,000 பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் 6 கோடி ரூபாய்க்கு மேல்.

திப்புவின் நினைவும் நிலையாக இல்லை. கர்நாடக அரசு 2015-ல் திப்பு ஜெயந்தியை அரசு விழாவாகக் கொண்டாட ஆரம்பித்தது. 2019-ல் ஆட்சி மாறியதும் அது ரத்தானது. ஒரு தரப்புக்கு அவர் ஆங்கிலேயரை எதிர்த்த வீரர்; இன்னொரு தரப்புக்குக் குடகிலும் மலபாரிலும் மக்களைக் கொடுமைப்படுத்தியவர். இந்த வாக்குவாதத்தில் புள்ளலூர் எப்போதாவது ஓர் உதாரணமாக வந்து போகும்.

தோற்றவரின் நினைவு: ஒரு மண்டபம், ஒரு பழிவாங்கல்

பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். 1816-ல் அவருடைய உறவினர் ஒருவர் அங்கே நினைவு மண்டபம் கட்டினார். 'கர்னல் பெய்லி நிலவறை' என்று இன்றும் சுற்றுலா வழிகாட்டிகள் ஓரிடத்தைக் காட்டுகிறார்கள்.

பிடிபட்ட இன்னொருவர் டேவிட் பெயர்ட். புள்ளலூரில் படுகாயமடைந்து, 1784 வரை சங்கிலியில் கிடந்தவர். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை உடைத்து நுழைந்த படைக்குத் தலைமை வகித்தவர் அதே பெயர்ட்தான். திப்புவின் உடலை அவர் கண்டெடுக்கும் காட்சியைப் பிற்பாடு டேவிட் வில்கி பிரம்மாண்டமாக வரைந்தார். சிறையில் இருந்தவர்கள் எழுதிய அனுபவங்கள் பிரிட்டனில் புத்தகங்களாக வந்தன. படித்த மக்களிடம், திப்பு என்றால் கொடூரன் என்ற பிம்பம் பதிந்தது. புள்ளலூர் தோல்வி இப்படித்தான் பிரிட்டனில் 'பழிதீர்த்த கதை'யின் முதல் அத்தியாயமாக மாறியது.

களத்தில் என்ன இருக்கிறது?

புள்ளலூரில் வயல்வெளிக்கு நடுவே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. போகிறவர்கள் பலரும் அவற்றை 1780 போரின் சின்னங்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அவை ஜேம்ஸ் ஹிஸ்லாப், ஜார்ஜ் பிரவுன் என்ற இரண்டு கம்பெனி அதிகாரிகளுக்கானவை. அவர்கள் இறந்தது அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று.

முந்தைய ஆண்டு தனக்கு ராசியாக அமைந்த இடம் என்பதால் ஹைதர் அதே களத்தில் அயர் கூட்டை எதிர்கொண்டார் என்று சொல்வார்கள். இந்த முறை யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. ஹைதர் பின்வாங்கினார், கூட்டுக்கும் கடும் இழப்பு. அந்தக் களத்துக்கு வந்த கூட்டின் வீரர்கள் முதலில் பார்த்தது போன வருடம் செத்தவர்களின் எலும்புகளை. ஒரு வருடமாக அவை புதைக்கப்படாமலே கிடந்தன.

ஆகவே, புள்ளலூரின் மிகப் பெரிய நாளுக்குப் புள்ளலூரில் சின்னம் இல்லை. இருக்கிற சின்னம் இரண்டாவது போரின் இரண்டு அதிகாரிகளுக்கு. எலும்பாகக் கிடந்த சிப்பாய்களுக்குக் கல் எதுவும் நடப்படவில்லை.

ஊர்க்காரர்களுக்கு என்ன ஆனது?

மதராஸைப் பிடிப்பதைவிட அதைப் பட்டினி போடுவது எளிது என்பது ஹைதரின் கணக்கு. அதனால் நகரத்தைச் சுற்றி இருந்த ஊர்கள் கொளுத்தப்பட்டன, பயிர் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. பல குடும்பங்கள் மைசூருக்குக் கொண்டுபோகப்பட்டன. மிஞ்சியவர்கள் மதராஸை நோக்கி ஓடினார்கள். அங்கே சோறு இல்லை. வங்காளத்திலிருந்து கடல் வழியாக அரிசி வர வேண்டும். 1782 அக்டோபரில் அடித்த புயலில் அரிசிக் கப்பல்களும் சேதமாகின. தெருவில் மக்கள் செத்து விழுந்தார்கள். 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய எட்மண்ட் பர்க், இந்த அழிவை நீண்ட விவரிப்பாகச் சொன்னார். இதற்கு ஹைதர் மட்டும் காரணமல்ல, கம்பெனிக்காரர்களின் பேராசையும் காரணம் என்பதே அவர் வாதம்.

அந்தப் பஞ்சத்தில் தப்பி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் கருப்பர் நகரத்துக்கு வெளியே ஓர் இடம் ஏற்பட்டது. கிராம மணியக்காரர் ஒருவர் பொறுப்பில் இருந்ததால் அது மணியக்காரர் சத்திரம் ஆனது. ஆங்கிலேயர் வாயில் அது 'மோனிகர் சவுல்ட்ரி'. 1799-ல் அங்கே ஒரு மருத்துவமனை வந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னையில் வயதானவர்கள் இன்றும் அதை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். சத்திரமும் ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லமாகத் தொடர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். அரசர்கள் சுவரில் வரைய வைத்தார்கள், தளபதிகளுக்கு மண்டபம் வந்தது, அதிகாரிகளுக்குத் தூண் நட்டார்கள். வீடு எரிந்து, வயிறு காய்ந்து மதராஸுக்கு நடந்த ஜனங்களுக்கு இதெல்லாம் கட்டச் சக்தி இல்லை. அவர்கள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கும் ராயபுரம் பக்கம், "கஞ்சித்தொட்டிக்கு எந்த பஸ் போகும்?" என்று கேட்டால் வழி சொல்ல ஆள் உண்டு.

"ஹைதர் காலத்து" என்ற சொல்லும் அப்படி நம்மிடம் தங்கியதுதான். ஒரு காலத்தை இன்னொரு காலத்திலிருந்து பிரிக்கிற கோடாக அந்தப் படையெடுப்பு பேச்சில் நின்றிருக்கிறது. ஹைதருக்கு முன், ஹைதருக்குப் பின் என்று காலத்தைப் பிரிக்கும் அளவுக்கு அந்தச் சில ஆண்டுகள் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டன. பிறகு பயம் மறந்தது, பழமை என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது.

இப்போது எப்படிப் பார்க்க வேண்டும்?

புள்ளலூரைத் திப்புவின் வெற்றித் தலமாக மட்டும் பார்த்தால், அந்த வெற்றிக்கு வடதமிழகத்து ஊர்கள் கொடுத்த விலை மறைந்துவிடும். கம்பெனியின் துயரமாக மட்டும் பார்த்தால், அந்தப் போரை இழுத்து வந்த வாக்குமீறலும் கடன் வியாபாரமும் மறைந்துவிடும். இரண்டு படையிலும் கூலிக்குச் சண்டை போட்டவர்கள் தென்னிந்தியர்கள்தான். பெய்லியின் சிப்பாய்களில் தமிழ், தெலுங்கு பேசியவர்களே அதிகம். அவர்களை 'நம்மவர்' என்பதா, 'எதிரி' என்பதா? இரண்டு கட்சிக்கும் அவர்கள் வசதியாக இல்லை. அதனால்தான் அவர்களை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கவோ கோயிலுக்கோ போகிறவர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் புள்ளலூர் போய்த் திரும்பிவிடலாம். தூண்களில் இருக்கும் பெயர்களையும் ஆண்டையும் படியுங்கள். கூட வருகிற பிள்ளைகளிடம், இந்தக் கல்லில் பெயர் இல்லாதவர்கள் யார் யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பல்லவர்கள் காலத்து வீரர்களில் தொடங்கி, வெள்ளத்தில் அக்கரையில் காத்திருந்த சிப்பாய், கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய் வரைக்கும் அந்தப் பட்டியல் நீளும்.